காலி நாற்காலியும் தலையெழுத்தும்

இப்படியொரு காட்சியை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவருகிறது. சிற்றூர் அரசு உயர்நிலைப் பள்ளியிலே பயின்ற சிறுவன் கணிதத்தில் தவறிவிட்டான். "எல்லாம் அவன் தலையெழுத்து" என்கிறாள் பாட்டி. "தகுதி இல்லை" என்கிறார் பட்டம் பெற்ற பக்கத்து வீட்டார். பாட்டி படிக்காதவள், அவரோ படித்தவர். எனினும், இருவர் கூறியதும் ஒன்றே! குறை சிறுவனிடமே இருக்கிறது, வேறெங்கும் தேடவேண்டாம் என்பதுதான் அது. ஆண்டு முழுதும் அந்தப் பள்ளியிலே கணித ஆசிரியரின் நாற்காலி காலியாகக் கிடந்ததே, அதை இருவருமே கண்டாரில்லை.

கொடுக்கப்படாத ஒன்றை, "உன்னிடம் இல்லையே" என்று கூறி ஒருவனைக் குற்றவாளியாக்குவது அறமா? இதுதான் நம் முன் நிற்கும் கேள்வி.

இத்தகைய கேள்வியை முன்பும் ஒருமுறை சந்தித்தோம். வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை வகுப்பிலே சோர்ந்து சாய்ந்தபோது, "மந்த புத்தி" என்றது பழைய உலகம். "பசி" என்றது பகுத்தறிவு. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியிலே தொடங்கிய உணவு, 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவாக நாடெங்கும் பரவி, 1982இல் சத்துணவாக விரிந்து, 2022இல் காலை உணவாகவும் வளர்ந்தது. தருமம் என்று தொடங்கியது உரிமை என்று ஆயிற்று. வயிற்றுக்கு ஒப்புக்கொண்ட நீதியை அறிவுக்கு மறுக்கலாமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஒருவர் என்று வரையறுக்கிறது. ஆனால், அச்சட்டம் தரும் உரிமை 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. கணக்கு கடினமாவதும் ஒன்பதாம் வகுப்பிலேதான். "படித்தது போதும், கூலிக்கு வா" என்று வறுமை அழைப்பதும் அப்போதுதான். ஆற்றின் நடுவிலே முடிந்துவிடும் பாலத்தைப் பாலம் என்போமா?

"மாநிலக் கணக்கிலே ஆசிரியர் தொகை சரியாகத்தானே இருக்கிறது?" என்பர் சிலர். இருவர் உண்ண நான்கு தோசை. ஒருவரே நான்கையும் உண்டுவிட்டார். ஏட்டிலே மட்டும் "ஆளுக்கு இரண்டு"! சராசரி பசியாற்றாது. மேலும், பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் "உபரி" ஆகிறார், பணி நிரவலில் வேறு ஊருக்குப் போகிறார், ஆசிரியர் இல்லை என்று மேலும் சில பிள்ளைகள் விலகுகின்றனர், மீண்டும் உபரி! நோயாளி மெலிந்தான் என்று கஞ்சியைக் குறைக்கும் மருத்துவம் இது.

ஆசிரியர் மட்டும் போதுமா? எழுத்தர் இல்லாத பள்ளியில் உதவித்தொகைப் பட்டியலை எழுதுவது ஆசிரியரின் கை. அந்நேரம் பாடம் காத்துக் கிடக்கும். துப்புரவுப் பணியாளர் இல்லாத பள்ளியில் துடைப்பம் எந்தப் பிள்ளையின் கைக்குப் போகிறது? உற்றுப் பாருங்கள், சாதி அங்கே ஒளிந்திருக்கக் காண்பீர்கள். வீட்டிலே திருமணப் பேச்சு எழுந்ததென்று விம்மும் மாணவி யாரிடம் வாய் திறப்பாள்? 250 மாணவர்க்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்று அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் பரிந்துரைக்கிறது. நம் சிற்றூர்ப் பள்ளியில் அந்தச் சொல்லே புதிது!

"அறுபது பேர் வகுப்பிலே படித்து நாங்கள் உயரவில்லையா?" என்பார் உண்டு. உயர்ந்தவர் மேடையில் பேசுகிறார். உதிர்ந்தவரை எண்ணியவர் யார்? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கி நான்காண்டுகள் ஓர் ஆய்வு நடத்தினர். வகுப்புக்கு 13 முதல் 17 பிள்ளைகள் ஒருபுறம். 22 முதல் 25 மறுபுறம். சிறு வகுப்பினரே முந்தினர். அதிலும் கறுப்பினக் குழந்தைகள் அடைந்த பயன் மிகுதி. இளம் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுதான். எனினும், "எல்லாம் பிறவியிலேயே" எனும் வாதத்தை அது ஆட்டம் காணச் செய்கிறது அன்றோ!

எல்லோர்க்கும் ஒரே வாயிலைத் திறந்துவிட்டோம் என்பதால் சமத்துவம் வந்துவிடாது. உள்ளே வந்தவனை வரவேற்க ஆளிருக்க வேண்டும். வீட்டிலே சொல்லித்தர எவருமில்லாதவனுக்குக் கூடுதலாகவே இருக்க வேண்டும். அது சலுகையன்று, கடன் தீர்த்தல்.

தோழனே! உன் ஊர்ப் பள்ளிக்குச் செல். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியவை எத்தனை என்று கேள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உன் கையில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு உன் ஊரிலேயே கூடுகிறது. காலி நாற்காலிகளை எண்ணி ஊரறியச் சொல். அவை நிரம்பிய பின்னும் ஒருவன் தவறினால், அன்று பேசுவோம் தகுதியைப் பற்றி. தலையெழுத்தைப் பற்றி அன்றும் பேச வேண்டியிராது!