கப்பல் சுற்றுலா போகலாமா?

கப்பல் சுற்றுலா ஆடம்பரம், அதனால் தப்பு என்பவர்களோடு நான் உடன்படவில்லை. இன்பமும் புருஷார்த்தம்தானே! உறுத்துவது வேறு. 2024-இல் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் 7,600 பயணிகள்வரை ஏறலாம். ஊழியர் 2,350 பேர். இத்தகைய கப்பல்களில் அறை துடைப்பவர், தட்டு கழுவுபவர் பலர் பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, இந்தியாவிலிருந்து வந்தவர்கள். மாதக்கணக்கில் முழுநாள் ஓய்வே அரிது. நம்ம டிக்கெட் மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ‘ரஜூலா’ கப்பல் தளத்தில் பாய் விரித்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் பலர்; இது நமக்குப் புரியாதா?

அதுக்காகப் போகவே கூடாதா? போகலாம். ஆனால் தினமும் பில்லில் சேரும் சேவைக் கட்டணத்தைக் கவுண்டரில் நீக்கச் சொல்லி மிச்சம் பிடிக்கிற ‘கெட்டிக்காரத்தனம்’ இருக்கே, அதை மட்டும் ஏத்துக்க முடியல. ஊழியர்கள் நம்பியிருக்கும் வருமானம் அது. அதைக் கொடுக்க மனசில்லையா, பேசாமல் லங்காவிக்கு ஃபெர்ரி பிடிக்கலாம்.