இலச்சினையும் பெயரும்

சுயாதீன நிறுவனம் ஒன்று ஆக்கிய வீடியோ விளையாட்டு தொடங்குமுன், அந்நிறுவனத்தின் இலச்சினை திரையிற் சில கணங்கள் அசைந்து மறைவது வழக்கம். ஆடுவோர் பெரும்பாலும் பொறுமையற்று அதனைக் கடந்துவிடுவர். எனினும் அக்கணங்களில் அறவியல் வினா ஒன்று அடங்கியுள்ளது. ஆக்கத்தின்மீது பெயர் பொறிக்கும் உரிமை ஆக்கியோனுக்குரியதா, ஆக்குவித்தோனுக்குரியதா?

அமெரிக்காவின் அற்றாரி நிறுவனம் 1970களின் இறுதியில் இதற்குத் தயக்கமின்றி விடை கண்டது. அக்கால விளையாட்டு ஒவ்வொன்றையும் பெரும்பாலும் ஒருவரே தனித்து வடிவமைத்தார். பெட்டியிலோ நிறுவனத்தின் பெயர் மாத்திரமே இருந்தது. வடிவமைப்பாளர் சிலர் தம் பங்கினை ஏற்குமாறு வேண்டியபோது, விளையாட்டுப் பேழையைப் பெட்டியிலிடும் தொழிலாளியினும் அவர்கள் முக்கியமானவர்கள் அல்லர் என்னும் கருத்துப்பட நிருவாகம் மறுமொழி பகர்ந்ததாக, அவர்களுள் ஒருவரான டேவிட் கிரேன் பிற்காலத்திற் கூறியுள்ளார்.

இக்கூற்றை எளிதிற் புறந்தள்ளுதல் முறையன்று. உழைப்பனைத்தும் சமம் என்னும் குரலாகவே அது முதற்கண் ஒலிக்கின்றது. பெட்டியிலிடுபவரின் உழைப்பு இழிந்ததென எவர் கூறுவார்? ஆயின் அங்கு நிகழ்ந்தது யாது? அவர் பெயரும் வெளிவரவில்லை, வடிவமைத்தவர் பெயரும் வெளிவரவில்லை. எஞ்சியது உடைமையாளரின் பெயரே. எல்லாரையும் ஒருங்கே பெயரற்றோராக்கிவிட்டு அதனைச் சமத்துவம் என்பது சொல்லைத் திரிப்பதாகும். கூலி கொடுத்தாயிற்றே என்பாரும் உளர். கூலி உழைப்பின் பயனை வாங்கும். இன்னார் செய்தார் என்னும் உண்மையை அது வாங்கமாட்டாது. மேலும், பெயரிடுதல் புகழ் வேட்கை மாத்திரமன்று. குறை காணின் என்னிடம் கேளுங்கள் என முன்னிற்றலும் அதுவே.

கிரேனும் தோழர் மூவரும் 1979இல் விலகி, பிறரது பொறிக்கென விளையாட்டுக்களை ஆக்கும் முதலாவது சுயாதீன நிறுவனமாகிய அக்டிவிஷனைத் தொடங்குவதிற் பங்குகொண்டனர். திரையின் அடியில் நிறுவனத்தின் வானவில் வண்ண இலச்சினை. பெட்டியில் வடிவமைத்தவரின் பெயர். கையேட்டில் அவரே ஆடுவோருக்கு உபாயங் கூறினார்.

அதே ஆண்டில் அற்றாரியை விட்டகன்ற வொறன் றொபினெற் வேறு வழி கண்டார். அவரது ‘அட்வென்ச்சர்’ 1980இல் வெளிவந்தது. முழு விளையாட்டுக்கும் கிடைத்த இடம் 4096 பைற். அதனுள்ளும் அவர் மறைவறை ஒன்றை அமைத்தார். கண்ணுக்குப் புலப்படாத புள்ளியொன்றைத் தேடி எடுத்து வருவோர்க்கே அவ்வறை திறக்கும். அங்கே அவர் பெயர் நிறம் மாறி மாறி மின்னும். நிறுவனம் அறியாது கவர்ந்த இடமாதலின் இது களவென வாதிடலாம். களவே என்று கொள்ளினும், அங்கு ஒளித்து வைக்கப்பட்டது பொய்யன்று.

அக்டிவிஷன் பின்னர் பெருநிறுவனமாக வளர்ந்து, 2023இல் ஏறத்தாழ 6,900 கோடி டொலருக்கு மைக்ரோசொப்ற் வசமாயிற்று. இன்று பெரிய விளையாட்டொன்றின் இறுதியில் ஆயிரக்கணக்கான பெயர்கள் ஓடுகின்றன. எனினும் பணி முடியுமுன் விலகியோரின் பெயரைப் பட்டியலிற் சேர்க்காது விடும் வழக்கம் இத்துறையில் முற்றாக ஒழிந்துவிடவில்லை. றொபினெற்றும் தம் விளையாட்டு கடைக்கு வருமுன்னரே விலகியவர்தாம்.