கொடுங்கோலும் அயலான் வாளும்





சென்ற பௌர்ணமி வந்தனை முடிந்து, பஞ்சசீலம் ஏற்ற பிள்ளைகள் பாயசக் கிண்ணங்களோடு திண்ணையில் அமர்ந்திருந்த வேளையில், அல்சூரிலிருந்து வரும் இளைஞர் ஒருவர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, ஒரு நாட்டை ஆள்பவன் தன் குடிகளையே கொன்று குவிக்கிறான். அவனைத் தட்டிக்கேட்க அக்குடிகளால் இயலவில்லை. அப்போது வல்லரசு ஒன்று படையோடு புகுந்து அவனை அகற்றுவது தம்மத்துக்கு உடன்பாடா, அன்றா?"

அவர் வாதுக்காகக் கேட்டவரல்லர். அவருடைய பாட்டனார் வடஆற்காட்டுச் சேரி ஒன்றிலிருந்து அடிக்குத் தப்பி, இரவோடு இரவாக இந்நகருக்கு ஓடிவந்தவர். "அன்று வெளியிலிருந்து ஒரு பலசாலி வந்து அந்தப் பண்ணையாரை அடக்கியிருந்தால் எங்கள் குடும்பம் ஊரையும் உறவையும் இழந்திருக்காதே" என்றார். அப்படிக் கேட்பவர்முன் அகிம்சை என்னும் ஒரு சொல்லை மட்டும் எடுத்துவைத்துவிட்டு எழுந்து போக எமக்கு மனம் வரவில்லை. விடை சொல்லவும் தெரியவில்லை. "பொறுத்திருங்கள், தம்பி" என்றோம்.

இரு வாரம் கழித்து ஒரு பிரசங்கத்தின் பொருட்டு வேலூர் செல்ல நேர்ந்தது. காட்பாடியில் இறங்கி, பொழுது மிகுந்திருந்ததால், பாலாற்றங்கரையில் தமிழ்நாடு அரசு எழுப்பியுள்ள முத்துமண்டபத்துக்குச் சென்றோம். அங்கே அடங்கியிருப்பவர் இலங்கைத் தீவின் கடைசி அரசர், கண்டியை ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர். இயற்பெயர் கண்ணுசாமி, மதுரைப் பக்கத்து நாயக்கர் வழியில் வந்தவர். பதினாறு ஆண்டுகள் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் இறந்தார். பகவானின் தந்ததாதுவுக்குக் காவலராயிருந்த ஓர் அரசர் நமக்கு இத்தனை அருகில் உறங்குகிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இளைஞரின் கேள்விக்கு எழுத்துப் பிசகாத வழக்கு ஒன்று அங்கே எமக்குக் கிடைத்தது.

அவர் நல்லரசர் என்று வாதாட யாம் வரவில்லை. தமிழ் வழங்கிய குடியில் பிறந்தார் என்பதற்காகவோ, தலதா மாளிகையைப் போற்றினார் என்பதற்காகவோ அவர் செய்த தீமையை மறைப்பது பொய்ச்சாட்சியாகும். 1798-இல் முதல் அதிகாரியான பிலிமத்தலாவை தன் கைப்பாவையாக இருப்பாரென எண்ணியே அந்த இளைஞரை அரியணையில் ஏற்றினான். பாவை பாவையாக இருக்கவில்லை. பிலிமத்தலாவையின் தலையே பிற்பாடு உருண்டது. இன்று பயணிகள் படம் பிடிக்கும் கண்டி ஏரியைக் குடிகளின் கட்டாய உழைப்பைக் கொண்டே வெட்டுவித்தார். அடுத்த அதிகாரியான எகெலப்பொலை 1814-இல் வெள்ளையரிடம் தஞ்சம் புகுந்தபோது, அவன் மனைவியையும் சின்னஞ்சிறு பிள்ளைகளையும் பிடித்துவரச் செய்தார். பிள்ளைகளின் தலைகள் தாயின் கண்ணெதிரே வெட்டப்பட்டன. தாயை ஏரியில் மூழ்கடித்தனர். அண்ணன் அஞ்சிப் பின்வாங்கியபோது, இளையவனான மத்தும பண்டாரன் முன்வந்து கழுத்தை நீட்டினான் என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்லிக் கண்ணீர் விடுகிறார்கள். கொழும்பிலிருந்து வந்த வணிகர் சிலரும் ஒற்றர் எனப்பட்டு அங்கம் அறுபட்டனர். கொடுங்கோல் என்னும் சொல்லுக்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

இந்நிலையில்தான் ஆங்கிலேய ஆளுநர் ராபர்ட் பிரவுன்றிக் 1815 சனவரியில் போர் அறிவித்தார். அறிவிப்பு என்ன சொல்லிற்று? கண்டி மக்களோடு பகையில்லை, அவர்களை வதைக்கும் ஒருவனோடு மட்டுமே பகை என்றது. கேட்கச் செவிக்கு இனிது! பிப்ரவரி 14-இல் வெள்ளையர் கண்டிக்குள் புகுந்தனர். 18-இல் அரசர் பிடிபட்டார். ஏறக்குறைய உயிர்ச்சேதமே இல்லை. அரசரின் சொந்தப் பிரதானிகளே வழிகாட்டிச் சென்றனர்.

ஆனால் அன்பர்களே, இந்த ஒன்றை மறவாதீர்கள். அந்தப் பிள்ளைகள் கொலையுண்டதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்னரே, 1803-இல், இதே வெள்ளையர் கண்டிமீது படையெடுத்துப் பெருந்தோல்வி கண்டிருந்தனர். ஆசை முன்னே பிறந்தது. காரணம் பின்னே வந்து சேர்ந்தது. குழந்தைகளின் குருதி அந்த ஆசைக்கு ஒரு நியாயத்தைத் தந்தது.

மார்ச் 2-ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதில் நல்லதும் உண்டு. நல்லதை நல்லதென்றே சொல்வோம். உடலுறுப்பை அறுக்கும் தண்டனையும் சித்திரவதையும் ஒழிக்கப்பட்டன. ஐந்தாம் விதி பௌத்த சமயம் மீறவொண்ணாதது என்றும், அதன் சடங்குகளும் பிக்குகளும் விகாரைகளும் காக்கப்படும் என்றும் உறுதி கூறிற்று. ஆனால் நாடு யாருக்கு? கண்டி மக்களுக்கன்று, கடல் கடந்த ஆங்கில அரசருக்கு. எகெலப்பொலை அரியணையை எதிர்பார்த்திருந்தான். அது அவனுக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாண்டுகூட நிறையவில்லை. 1817-இல் ஊவாவிலும் வெல்லசையிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அடக்குவதற்கென்று வெள்ளையர் அனுப்பிய கெப்பெட்டிபொலையே மக்கள் பக்கம் சேர்ந்துகொண்டான். அதன்பின் நடந்ததைச் சொல்ல நா கூசுகிறது. வீடுகள் கொளுத்தப்பட்டன, நெல் எரிந்தது, ஆடுமாடுகள் அழிக்கப்பட்டன. கண்டியர் பக்கம் மாண்டவர் பதினாயிரம் பேர்க்குமேல் இருக்கலாமென்று, அக்காலத்தில் அத்தீவில் இருந்த ஆங்கில மருத்துவர் ஜான் டேவியே மதிப்பிட்டார். 1818 நவம்பர் 21-இல் வந்த புதிய பிரகடனம் ஒப்பந்தத்தின் வாக்குறுதிகளைக் குறுக்கிற்று. அதே மாதம் 26-இல் கெப்பெட்டிபொலையின் தலை வீழ்ந்தது. எகெலப்பொலையையும் வெள்ளையர் நம்பவில்லை. அவனைச் சிறைப்பிடித்து, பின்னர் மொரீசுத் தீவுக்கு நாடுகடத்தினர். 1829-இல் அங்கேயே இறந்தான். அழைத்தவனுக்கும் அகற்றப்பட்டவனுக்கும் கண்டி மண்ணில் ஒரு குழி கிடைக்கவில்லை.

பிறகு அந்த மலைகள் காப்பித் தோட்டங்களாயின. அவற்றில் கூலிக்குச் சென்றவர் யார்? நம் சேரிகளிலிருந்து கங்காணி பின்னால் நடந்துபோன நம்மவரே பெரும்பாலார். அவர்தம் வழியினரின் குடியுரிமையை 1948-இல் சுதந்திர இலங்கை பறித்த கதை தனியே சொல்லவேண்டியது.

இங்கே எம் சொந்த வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்லவேண்டும், சொல்வதற்கு வெட்கமே. யாம் இந்நகரத்து ஆலை ஒன்றில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்த நாளில், ஒரு மேஸ்திரி இருந்தார். சம்பள நாளில் அவருக்குப் படியளக்காதவனுக்கு மறுநாள் பழுதான இயந்திரமே கிடைக்கும். பெண்களிடம் அவர் நாக்கு இன்னும் கேடு. பலமுறை முறையிட்டும் பயனில்லை. இறுதியில் பேட்டையில் பெயர் பெற்ற ஒரு பயில்வானை அழைத்துவந்தோம். ஒரே மாலையில் வேலை முடிந்தது. மேஸ்திரி அந்தப் பகுதிக்குத் திரும்பவில்லை. யாங்கள் மிட்டாய் வாங்கிப் பங்கிட்டோம். அடுத்த சம்பள நாளில் பயில்வான் ஆலை வாசலில் நின்றார், துண்டை விரித்து. மேஸ்திரி கேட்டதைவிட இரண்டு ரூபாய் கூடுதல். அவரை அழைக்கச் சென்ற மூவரில் யாமும் ஒருவர். மற்றவர்கள் அதை மறந்திருக்கலாம், யாம் மறக்கவில்லை.

இனி, நம்முள் சிலர் கேட்கக்கூடும்: "வெள்ளையன் வந்ததால் நமக்கு நன்மை விளையவில்லையா?" கேட்கவேண்டிய கேள்வியே. திப்புவையும் கொடுங்கோலர் என்றே சொல்லி 1799-இல் வீழ்த்தினார்கள். அவர் பிள்ளைகளையும் அதே வேலூர்க் கோட்டையில்தான் வைத்தார்கள். பத்தாண்டுக்குப் பின் இந்நகரில் தண்டு அமைந்தது. அந்தத் தண்டைத் தொடர்ந்து வந்த தமிழர் வழியில் நம்மிற் பலர் பிறந்தோம். நம் பண்டிதர் அயோத்திதாசரே ஆங்கில ஆட்சியை ஆதரித்துத் 'தமிழன்' இதழில் எழுதினார். அதை மறைக்கவேண்டுவதில்லை. கிணற்றில் நீர் எடுக்கவிடாத அண்டை வீட்டானைக்காட்டிலும், பள்ளியிலும் பட்டாளத்திலும் சிறிது இடம் கொடுத்த அயலான் அவர் கண்ணுக்கு மேலாகத் தெரிந்தது இயல்பே. யாம் அவர் நிலையில் இருந்திருந்தால் அவ்வாறே எழுதியிருப்போம். ஆயினும் அயலான் நமக்காக வந்தவனல்லன். அவன் போகும்போது சேரி சேரியாகவே இருந்தது. நம்மைத் தலைநிமிரச் செய்தவை பண்டிதரின் எழுதுகோலும், 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் எடுத்த உறுதிமொழியும் ஆகும்.

பகவான் காலத்திலும் இவ்வழக்கு எழுந்ததுண்டு. மகத நாட்டு அஜாதசத்துரு பெற்ற தந்தையான பிம்பிசாரரைக் கொன்று பட்டமேறியவன். அவன் கோசலத்தின்மேல் படை நடத்தினான். முதலில் தோற்ற பசேனதி அரசர், அடுத்த போரில் அவனை உயிரோடு பிடித்தார். தந்தையைக் கொன்றவன், அயல்நாட்டைத் தாக்கியவன், கையில் அகப்பட்டிருக்கிறான்! பசேனதி என்ன செய்தார்? யானை, குதிரை, தேர், காலாள் ஆகிய நாற்படையையும் பறித்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார். மகதத்தின் அரியணையில் தாம் ஏறவில்லை. தீங்கு செய்யும் கையின் ஆயுதம் பறிக்கப்பட்டது, நாடு பறிக்கப்படவில்லை. அந்த அஜாதசத்துருவே பின்னாளில் பகவான் முன் வந்து தன் பாவத்தை ஒப்புக்கொண்டதையும், பகவானின் பரிநிர்வாணத்துக்குப்பின் இராஜகிருகத்தில் நடந்த முதற் சங்கத்துக்குத் துணைநின்றதையும் நீங்கள் அறிவீர்கள்.

எனின், வல்லவன் எந்நாளும் வாளெடுக்கலாகாதா? பாபாசாகேப் 'புத்தரா காரல் மார்க்ஸா' என்னும் கட்டுரையில் வைசாலியின் சீக சேனாபதியோடு பகவான் உரையாடியதை எடுத்துக்காட்டுகிறார். நீதிக்காகவும் பிறர் பாதுகாப்புக்காகவும், வேறு வழியெல்லாம் அடைபட்டபின் போரிடுபவனைக் குற்றஞ்சாட்ட இயலாது; ஆனால் அதில் தன்னலம் கலத்தலாகாது என்பது அதன் சாரம்.

எமக்கு இதில் ஒரு சான்று நெஞ்சை அறுக்கிறது. காம்போஜம் நம் சமயத்து நாடு. 1975 முதல் 1979 வரை போல் போட் கூட்டத்தார் அங்கே பிக்குகளின் சீவரத்தைக் களைந்தனர், விகாரைகளைக் கிடங்குகளாக்கினர், பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பட்டினியாலும் கொலையாலும் மாண்டனர். 1979 சனவரி 7-இல் வியட்நாம் படை நோம் பென்னுக்குள் புகுந்தபோதுதான் அந்தக் கொலை நின்றது. அந்நாட்டுத் தாய் ஒருத்தியிடம் போய், "அம்மா, அந்தப் படை வந்தது பிழை" என்று சொல்ல எமக்கு வாய் எழாது. ஆனால் வந்த படை 1989 வரை பத்தாண்டு தங்கிற்று என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நம் நாடும் 1971 டிசம்பரில் கிழக்கு வங்கத்துள் புகுந்தது. ஒரு கோடி அகதிகள் எல்லை கடந்து வந்திருந்த வேளை அது. டிசம்பர் 16-இல் போர் முடிந்தது. அடுத்த மார்ச்சுக்குள் படை வீடு திரும்பிற்று. தன்னலம் அறவே இல்லையென யாம் சாதிக்கமாட்டோம். எனினும் அரியணையில் உட்காரவில்லை. ஈராக்கில் 2003-இல் சதாமை வீழ்த்த மூன்று வாரம் போதியதாயிற்று. காரணமாகக் காட்டிய பேரழிவு ஆயுதங்கள் மட்டும் அகப்படவேயில்லை. வீடிழந்தோரும் உயிரிழந்தோரும் அகப்பட்டனர். பாமியான் புத்தர்களைத் தகர்த்தவர்களை அகற்றியபோது நம்முள் மகிழாதவர் யார்? 2001-இல் அகன்ற அவர்கள் 2021 ஆகஸ்டில் மீண்டும் காபூலில் அமர்ந்தனர்.

ஆகவே, தம்பி, உமக்கு எம் விடை இது. கொலை நடந்துகொண்டிருக்கும்போது அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவதை யாம் பாவம் என்னோம். ஆனால் கொடுங்கோலனின் கொடுமை எத்துணைப் பெரிதாயினும், அது அகற்ற வருபவனுக்கு எழுதிக்கொடுத்த பட்டா ஆகாது. வருபவன் நெஞ்சில் உள்ள சேதனையை நாம் காண இயலாது. அவன் எப்போது திரும்புகிறான், எதை எடுத்துச் செல்கிறான் என்பவற்றைக் காணலாம். நிறுத்த வந்தவன் நிலத்தை அளக்கத் தொடங்கினால், அவன் கண்டிக்கு வந்தவனே.

இதை அந்த இளைஞரிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால், பிள்ளைகளைப் பறிகொடுத்த எகெலப்பொலை என்னதான் செய்திருக்கவேண்டும், ஐயா?" என்றார். அதற்கு எம்மிடம் முழு விடை இல்லை. கண்டிப் பிரதானிகள் ஒருவர்க்கொருவர் குழிபறித்த பத்தாண்டுகளைத்தான் எண்ணிக்கொண்டோம். வஜ்ஜியரை வெல்லலாமா என்று அஜாதசத்துரு தன் அமைச்சனை அனுப்பிக் கேட்டபோது, பகவான் அவர்கள் ஒன்றுகூடிப் பேசுகிறார்களா, ஒற்றுமையாய்க் கலைகிறார்களா என்றே முதலில் ஆனந்தரை வினவினார். அந்த ஏழு வினாக்களையும் அடுத்த பௌர்ணமியன்று எடுத்துக்கொள்வோம். இளைஞர் தம் பாட்டனாரின் ஊரிலிருந்து இருவரை அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்.