குறையுள்ள பேனாவும் கொடையும்

சென்ற மாதம் நாம் ஒரு புதிய மைப்பேனா வாங்கினோம். தென்னூரிலிருந்து பெரியகடை வீதி வரை நடந்து சென்று வாங்கியது. கடைக்காரர் நிப்பை மைக்கூட்டில் தோய்த்து இரண்டு வரி எழுதிக் காட்டினார். நாமும் நம் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தோம்; வழுக்கிக்கொண்டு ஓடிற்று. அஸர் தொழுகைக்குப் பின் மை நிரப்பிப் பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் அதன் குணம் தெரிந்தது. நான்காம் வரியில் மை நின்றது. உதறினால் சொட்டாக விழுந்து தாளைக் கெடுத்தது. அரபு எழுத முனைந்தாலோ, வலமிருந்து இடம் செல்லும் ஒவ்வோர் இழுப்பிலும் தாளைக் கீறியது. 'பா' எழுத்தின் புள்ளி விழுந்தது, எழுத்து விழவில்லை.

அந்நேரம் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. மக்தபில் நம்மிடம் ஓதும் சிறுவன் ஒருவன் நாள்தோறும் பேனாவை இரவல் வாங்கி எழுதுகிறான். இதை அவனுக்குக் கொடுத்துவிட்டால் என்ன? அவனுக்குப் பேனா, நமக்கு நன்மை. எண்ணம் மிக அழகாக இருந்தது. அவ்வளவு அழகாக இருந்ததனாலேயே சற்று ஐயுற்றோம்.

முதலில் பேனாவின் நிலையை அறிய வேண்டுமன்றோ? மைப்பேனாவில் மை தானாகக் கொட்டுவதில்லை. நிப்பின் நடுவிலுள்ள மெல்லிய பிளவும், அதனடியில் நாக்குப்போல் பொருந்தியிருக்கும் துண்டிலுள்ள நுண்ணிய பள்ளமும் மையை ஈர்த்து முனைக்குக் கொணர்கின்றன. மை இறங்கும் அளவுக்குக் காற்று உள்ளே ஏற வேண்டும். புதுப் பேனாவில், செய்யும்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை அப்பள்ளத்தில் தங்கியிருந்தால் மை விலகி நிற்கும். தோய்த்து எழுதும் சோதனையில் இது வெளிப்படாது. நிப்பின் மேல் படிந்த மையே இரண்டு வரிக்குப் போதும். நிப்பின் இரு பிளவு முனைகளுள் ஒன்று மயிரிழை தாழ்ந்திருந்தால், ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் கீறும். ஒரு காலத்தில் நம் சாத்தூரில் பேனா நிப்பு செய்வது பெயர்பெற்ற கைத்தொழிலாக இருந்தது. பந்துமுனைப் பேனா வந்து அத்தொழிலை நலிவித்துவிட்டது. அதனோடு நிப்பின் முனையை நகக்கண்ணில் தடவிப் பார்த்தே குற்றம் சொல்லும் கைகளும் அருகிவிட்டன.

10ஆம் நூற்றாண்டில் பாத்திமிய்யா கலீஃபா அல்-முஇஸ், கவிழ்த்தாலும் சிந்தாத, தன்னுள்ளே மை கொண்ட ஒரு பேனாவைச் செய்யச் சொன்னதாக காழி நுஃமான் எழுதி வைத்திருக்கிறார். கைவினைஞர் சில நாளில் பொன்னால் செய்து கொணர்ந்தார். அது எழுதியது, ஆனால் வேண்டியதைவிடச் சற்று அதிகமாக மையை விட்டது. கலீஃபா அதைச் சிறிது திருத்தச் சொன்னார், திருத்தப்பட்டது. ஆக, புதுப் பேனா சரியாக எழுதாமற் போவது ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள செய்திதான்!

இனி விற்றவர் பக்கம். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்டு, மோசடி செய்பவரைத் தம்மைச் சாராதவர் என்று கடிந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் வியாபாரக் கூட்டாளி, குறையுள்ள துணியைச் சொல்லாமல் மறதியாக விற்றுவிட்டபோது, இமாமவர்கள் அதன் வருவாயைத் தர்மம் செய்துவிட்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நம் கடைக்காரரை இந்த வரிசையில் நிறுத்த நமக்கு மனமில்லை. குவியலுக்குடையவர் ஈரத்தை அறிந்திருந்தார். இவரோ உள்ளிருந்த பசையை அறியார்.

அறியாவிடினும் வாங்கியவருக்கு உரிமை உண்டு. குறை கண்டால் திருப்பிக் கொடுக்கும் அவ்வுரிமையை ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்கின்றன. குறையறிந்த பின்னும் தன் பொருளாகவே பயன்படுத்தினால் அது போய்விடும். ஆனால் வாங்கிய பிராணியைத் திருப்பிக் கொடுப்பதற்காகவோ, நீர் காட்டுவதற்காகவோ ஏறிச் செல்வது சம்மதம் ஆகாது என்பது ஹனபி அறிஞர்களின் நுட்பம். பேனாவைக் கழுவிப் பார்ப்பதும் நீர் காட்டுவதுதானே என்று நமக்குள் சிரித்துக்கொண்டோம்.

ஆனால் நம்மை உறங்கவிடாதது வேறொரு செய்தி. விலை கொடுத்தவருக்கு இவ்வளவு உரிமை வகுத்த சட்டத்தில், இலவசமாகப் பெற்றவருக்கு இந்தக் கியார் இல்லை. மாற்றாக எதையும் கொடாதவர் எதைத் திரும்பக் கேட்பார்? அச்சிறுவன் நம்மிடம் பேனாவைப் பெற்று, அது எழுதாவிடில், யாரிடம் முறையிடுவான்? "ஹஜ்ரத் கொடுத்தது" என்று உதறி உதறி எழுதுவான். தாள் கெட்டால் தன் கையையே நொந்துகொள்வான். நன்றி சொல்லும் கடமை மட்டும் அவனுக்குண்டு. கடைக்காரரிடம் நாம் கேட்கத் துணிந்த நியாயத்தை, வாய் திறக்க முடியாதவனுக்கு மறுக்கவல்லவா நினைத்தோம்?

மதீனத்துப் பேரீச்சை அறுவடைக் காலத்தில் அன்சாரிகள் பழக்குலைகளைக் கொணர்ந்து பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள்; ஏழைகள் அவற்றை உண்பார்கள். சிலர் உதிர்ந்ததும் உளுத்ததுமான குலையைக் கொண்டுவந்தனர். அல்பகராவின் 267ஆம் வசனம் அது குறித்தே இறங்கியதெனத் திர்மிதீயில் அறிவிப்பு உண்டு. நமக்கே யாரேனும் தந்தால் கண்ணை மூடிக்கொண்டன்றி ஏற்கமாட்டாத பொருளைப் பிறருக்கென ஒதுக்காதீர் என்பதே அதன் கருத்து. எத்தனையோ முறை இதைப் பாடம் நடத்தியிருக்கிறோம். ஒரு பேனா வந்து நமக்கு நடத்த வேண்டியதாயிற்று.

மறுநாள் வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி சோப்பு கலந்து பேனாவைப் பன்முறை கழுவி, உலர்த்தி, மை நிரப்பினோம். ஓட்டம் சீராயிற்று, தமிழில் பக்கம் பக்கமாக எழுதிற்று. அரபுக் கீறல் மட்டும் போகவில்லை. வணிகர் வழக்கில் விலையைக் குறைப்பதே குறை என்பர் ஹனபி நூலோர். நம்மூர்க் கடைவீதியில் பேனா இடமிருந்து வலம் எழுதுவது. ஆதலால் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தை விட்டோம்.

மாலையில் சிறுவனை அழைத்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். தமிழுக்கு இது நன்று, அரபுக்கு ஆகாது; வேண்டினால் எடுத்துக்கொள், வேண்டாவிடில் வேறு வாங்கித் தருவோம் என்றோம். அவன் தன் பெயரை இரு மொழியிலும் எழுதிப் பார்த்தான்.

"தமிழுக்கு இது இருக்கட்டும் ஹஜ்ரத். அரபிக்கு வேற ஒண்ணு வாங்கித் தாங்க" என்றான்.

மறுபடியும் பெரியகடை வீதிக்கு நடந்தோம். இம்முறை மை நிரப்பியே தரச் சொல்லி, கடைக்காரர் வியந்து பார்த்திருக்க, வலமிருந்து இடமாக ஒரு பக்கம் எழுதிப் பார்த்து வாங்கினோம்.