நாரையின் நோன்பு

பின்பனிக்காலத்தில் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்கள் வற்றத் தொடங்கும். நீர் குறையக் குறைய மீன்கள் பள்ளங்களில் ஒடுங்கும். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அங்கே வந்து குவியும். பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு இது நல்ல பருவம். ஆனால் அவர்கள் கண்முன் நடப்பது ஓயாத உயிர்க்கொலை. கொல்லாமையைப் பேரறமாகக் கொண்ட ஒருவர் இதை மனம் உறுத்தாமல் பார்க்க முடியுமா? மீனைக் கொத்தும் நாரை பாவம் செய்கிறதா?

செய்கிறது என்பவர்களுக்கு மதுரையிலேயே ஒரு சான்று உண்டு. திருவிளையாடற் புராணத்தில் நாரைக்கு முத்தி கொடுத்த படலம் இருக்கிறது. தான் வாழ்ந்த குளம் வற்றிப்போக இடம்பெயர்ந்த நாரை ஒன்று, முனிவர்கள் நீராடும் நீரில் மீன் பிடிக்க மனமின்றிப் பசி பொறுத்தது. பின் மதுரைக்கு வந்து, பொற்றாமரைக் குளத்திலும் மீனைத் தொடாமல் நோன்பிருந்து முத்தி பெற்றது. தன் இனத்தார் இங்கே மீன் தின்று பாவம் சேர்க்காதிருக்க, இக்குளத்தில் என்றும் மீன் இல்லாதிருக்க வேண்டும் என்றும் இறைவனிடம் கேட்டது. இதை மேலோட்டமாகப் படித்தால், நாரையின் உணவையே குற்றமென்று சொல்வதாகத் தோன்றும். ஆனால் அது கேட்ட வரத்தின் எல்லையைக் கவனிக்க வேண்டும். எல்லா நீர்நிலைகளிலும் மீன் ஒழியட்டும் என்று அது கேட்கவில்லை. ஒரே ஒரு குளத்துக்கு மட்டும் கேட்டது. தன் நோன்பைப் பிற நாரைகள்மேல் சுமத்தவும் இல்லை. உண்ணவும் உண்ணாதிருக்கவும் முடிந்த உயிருக்கே அறம் கடமையாகும். கதையில் வரும் நாரைக்கு அந்தத் தெரிவு இருந்தது. கண்மாயில் நிற்கும் நாரைக்கு அது கிடையாது, நமக்கு உண்டு.

அந்த நோன்பை மனிதர்கள் ஏற்ற ஊர் மதுரைக்கு அருகிலேயே இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில், 1977இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டியில், கூடு கட்ட வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று பல தலைமுறைகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த கண்மாய் நீர் வயலுக்கு உரமாவதால் இது தன்னலமே என்று சிலர் சொல்லலாம். பயன் உண்டு என்பது உண்மை. ஆனால் பண்டிகை நாளில் வெறுங்கையோடு நிற்கும் சிறுவனின் இழப்பை அந்த உரம் ஈடு செய்வதில்லை. பயன் கிடைப்பதால் துறவு பொய்யாகிவிடாது. அது தலைமுறை தாண்டி நிலைக்கவே அந்தப் பயன் துணை நிற்கிறது.

மீன் கொத்தும் நாரையைக் குற்ற உணர்வின்றிப் பார்க்கலாம். அதன் பசி அதன் இயல்பு. நமக்குரிய நோன்பு வேறு: கூட்டை நெருங்காமல், குரலைத் தாழ்த்தி, கண்மாயில் குப்பை கொட்டாமல், அதன் கரையை ஆக்கிரமிக்காமல் இருப்பது. இந்த மாசியில் கண்மாய்க்குப் போகிறவர்கள் இந்த நோன்போடு போங்கள்.