தொடங்கியவர் போன பின்

தொலைவிலுள்ள சர்வரில் ஒரு நீண்ட வேலையைத் தொடங்கியபின் இணைப்பு அறுந்தால், பெரும்பாலும் அந்த வேலையும் அத்தோடு சாகும். முனையம் மூடியதும் யூனிக்ஸ் இயங்குதளம் 'சிக்ஹப்' என்ற சமிக்ஞையை அனுப்புகிறது. தொலைபேசி வழியே மோடம் பேசிய காலத்தில் மறுமுனை துண்டிக்கப்பட்டதைச் சொன்ன சமிக்ஞை அது. கேட்ட நிரல், வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், நின்றுவிடும். 'நோஹப்' என்ற கட்டளையைச் சேர்த்துத் தொடங்கிய நிரலோ அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. அந்த நிரலை ஈன்ற ஷெல் மறைந்ததும், இயங்குதளத்தின் முதல் நிரலான 'இனிட்' அந்த அநாதையைத் தன் பிள்ளையாக ஏற்கும். அது முடியும்போது முடிவுக் கணக்கையும் வாங்கிக்கொள்ளும்.

செய்தவர் விலகிய பின் செயல் எதைப் பற்றி நிற்கிறது என்பது இந்திய மெய்யியலின் பழைய வழக்கு. வேள்வி அன்றே முடிகிறது, பலனோ வெகுகாலம் கழித்து வருகிறது. இந்த இடைவெளிக்கு மீமாம்சகர் 'அபூர்வம்' என்றொரு காணா ஆற்றலை வைத்தனர். அது செயலே விட்டுச்செல்வது. அதை நடத்தக் கடவுள் வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் வழிவந்த சைவ சித்தாந்தம் இதை ஒப்பாது. வினை அறிவற்ற சடம். தன்னைச் செய்த உயிர் எதுவென்று அதற்குத் தெரியாது. பலனைக் கொண்டுசேர்க்க இறைவன் வேண்டும். நோஹப் மேலுக்கு மீமாம்சை போலத் தோன்றினாலும் உண்மையில் சித்தாந்தத்தின் பக்கமே நிற்கிறது. காதை மூடிக்கொள்வதால் மட்டும் ஒரு நிரல் ஓடுவதில்லை. அதற்கு நினைவகமும் நேரமும் அளந்து தருவது இயங்குதளம்.

'ஸ்கிரீன்' (1987), 'டிமக்ஸ்' (2007) ஆகிய நிரல்களின் வழி வேறு. ஏவியவர் திரும்பிவந்து விட்ட இடத்தில் சேரும்வரை அமர்வு அங்கேயே காத்திருக்கும், சேர்ந்து கிடக்கும் சஞ்சித வினை உயிருக்காகக் காத்திருப்பதைப் போல.

தொடங்கியவர் போன பின் செயல் எப்படி நிற்கும் என்ற இதே கவலை கோயில் கொடைகளை எழுதியவர்களுக்கும் இருந்தது. அணையாத நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகளை விடுவது வழக்கம். இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் கிழடாகும், சாகும். குட்டிகளைக் கொண்டு தொகையை நிரப்புவதும் அவர் பொறுப்பு. அதனால்தான் கல்வெட்டுகள் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றன. விளக்கை ஏற்றிவைத்தவர் இறந்த பின் அதை எரியவிட்டது பக்தி மட்டுமன்று. கைமாறிக்கொண்டே வந்த அந்தப் பொறுப்பும்தான்.

கன்னியாகுமரி மாவட்டம் முஞ்சிறைக்கு அருகே, பார்த்திவசேகரபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் செய்தது இன்னும் பெரியது. முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து இடத்தைப் பெற்றான். திருமாலுக்குக் கோயில் எடுத்தான். காந்தளூர்ச் சாலை என்ற கல்விநிலையத்தின் மரபில், சட்டர்கள் எனப்பட்ட மாணவர் 95 பேர் தங்கிப் படிக்கும் சாலையும் அமைத்தான். மாணவர் நடத்தைக்கான விதிகள், மீறினால் தண்டம் என எல்லாம் செப்பேட்டில் ஏறின. மன்னன் இல்லாத நாளை நினைத்து எழுதிய ஏற்பாடு அது.

ஆனால் சர்வரே நின்று மறுபடி தொடங்கினால் நோஹப்பும் டிமக்ஸும் உதவா. ஏற்றுக்கொண்ட இனிட்டும் சேர்ந்தே போகும். நினைவகத்தில் ஓடியது அழிய, வட்டில் எழுதியது மட்டும் மிஞ்சும். பார்த்திவசேகரபுரத்தைத் தாங்கிய அரசும் அப்படித்தான் போனது. கோயில் இருக்கிறது, சாலை இல்லை. அங்கே எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டால், செப்பேடு 95 என்கிறது.