வயிற்றுக்குள் போகும் வறண்ட வாயு

வயிற்றில் சில துளைகள் மட்டும் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கு உள்ளே இடம் வேண்டும். அதற்காகக் கார்பன் டை ஆக்ஸைடைச் செலுத்தி வயிற்றை உப்ப வைக்கிறார்கள். அழுத்தம் வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். இந்த வாயு தீப்பற்றாது என்பதால் மின்கத்தியைத் தைரியமாகப் பயன்படுத்தலாம். ரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியேறியும் விடும். ஆனால் சிலிண்டரிலிருந்து அது அறையின் வெப்பநிலையில், ஏறக்குறைய ஈரமே இல்லாமல் வருகிறது.

அதன் குளிர்ச்சியைத்தான் முதலில் குறை சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. ஒரு லிட்டர் வாயுவை 20 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குச் சூடாக்க உடலுக்கு ஆகும் செலவு சுமார் 26 ஜூல். அதே ஒரு லிட்டரை ஈரத்தால் நிரப்ப, குடலையும் வயிற்றின் உட்சுவரையும் போர்த்தியிருக்கும் சவ்விலிருந்து சுமார் 44 மில்லிகிராம் நீர் ஆவியாக வேண்டும். அதற்கு 100 ஜூலுக்கு மேல் ஆகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஆகவே வாயுவைச் சூடாக்க மட்டும் செய்தால் சின்னச் செலவுதான் மிச்சம்; ஈரமும் ஏற்ற வேண்டும்.

இரண்டையும் செய்யும் கருவி எளிமையானது. சூட்டுத் தட்டின் மேல் தூய நீர் நிரம்பிய ஒரு கிண்ணம். அதன் வழியே வாயு போய் ஈரமேறி வரும். அங்கிருந்து வயிறுவரை போகும் குழாய்க்குள்ளும் சூடேற்றும் கம்பி உண்டு. அது இல்லாவிட்டால் ஏற்றிய ஈரமெல்லாம் குழாயிலேயே நீர்த்துளியாகப் படிந்துவிடும்.

சரி, இதனால் உடல் எவ்வளவு சூடு காக்கும்? 60 கிலோ உடலின் வெப்பம் ஒரு டிகிரி இறங்க சுமார் இரண்டு லட்சம் ஜூல் போக வேண்டும். 100 லிட்டர் வறண்ட வாயு எடுத்துச் செல்வது 13,000 ஜூல்தான். வாயு கசிந்து கசிந்து பல நூறு லிட்டர் செலவாகும் நீண்ட அறுவைகளில்தான் இது கவனிக்கத்தக்க அளவாகும். மயக்க மருந்தோ, தோலின் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்வெப்பத்தை ஒரு டிகிரிக்கு மேல் இறக்கிவிடுகிறது. அதனால் வெதுவெதுப்பான காற்றூதும் போர்வையை எடுத்துவிட்டு இந்தக் கருவியை வைப்பது புத்திசாலித்தனமல்ல. கூட ஒன்றாக வைத்துக்கொள்ளலாம்.

ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது: வெப்ப இழப்பு சற்றே குறைகிறது, நோயாளிக்குத் தெளிவான நன்மை தெரியவில்லை. பிரிட்டனில் சிகிச்சை முறைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு 2017இல், நம்பிக்கை தரும் முறைதான், எல்லோருக்கும் வழக்கமாக்கும் அளவுக்குச் சான்று போதாது என்றது. ஆனால் வறண்ட வாயு வயிற்றுச் சவ்வின் மேலடுக்குச் செல்களைச் சிதைப்பதை விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. எனக்கென்னவோ, ஈரவாயுவுக்கு ஆதரவான வலுவான வாதம் தெர்மாமீட்டரில் இல்லை, அந்தச் சவ்வில்தான் இருக்கிறது.